விமானங்கள் மேல்தளத்தில் நிற்கின்றன

மழைக்காலம் பிறந்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை கிடையாது. பாத்தியும் வரப்பும் ஒன்றாகி, கழுவெளி ஏரி எது, அளம் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராய்க் கிடக்கும். உப்பு வாரிப் பிழைக்கிறவர்கள் அந்த மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போவார்கள். அந்தோணிசாமி அனுமந்தைக்குப் போய் சிங்காரத்தின் ஃபைபர் படகில் வலை இழுப்பான். அவன் மனைவி ஆரோக்கியசெல்விக்கு அந்த வருஷம் கிடைத்தது போர்க்கப்பல் தள்ளுகிற வேலை.

ஊருக்குக் கிழக்கே இருந்த பழைய உப்புக் கிடங்கை வெள்ளையடித்து, ‘கிழக்குக் கரைக் கடற்போர் உத்தி மையம்’ என்று பெயர் மாட்டியிருந்தார்கள். உள்ளே தரை முழுக்க நீலச் சாயம் பூசி, தேன்கூடு மாதிரி ஆறு மூலைக் கட்டங்களாய்க் கோடு போட்டிருந்தார்கள். மேற்குச் சுவரோரம் மரக்காணம், கிழக்குச் சுவரோரம் அந்தமான். நடுவே வங்காள விரிகுடா. அதைத் தரை என்று சொல்லக்கூடாது, பலகை என்று சொல்லவேண்டும். பலகையின் மேல் மரத்தில் செய்த கப்பல்கள் நின்றன. அவற்றைக் கைபடாமல் நீளக் கழியால் தள்ளவேண்டும். உப்பு வாரிய கை என்பதால் செல்விக்குக் கழி பிடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் விமானந்தாங்கிக் கப்பலைத் தள்ளுமுன் அதற்கு ஒரு சல்யூட் வைக்கவேண்டும் என்றார்கள். அதுதான் அவளுக்குப் பழகக் கொஞ்ச நாள் ஆனது.

மையத்தின் தலைவர் காசிலிங்கம் நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கம்ப்யூட்டரில் கடற்போர் விளையாட்டு ஆட ஆரம்பித்து, வீட்டு ஹாலில் உட்கார்ந்தபடியே மூன்று பெருங்கடல்களை வென்றார். அப்படிப்பட்ட திறமை ஒரு வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பது தேசத்துக்கு நஷ்டம் என்று மேலிடத்தில் யாருக்கோ பட்டிருக்கிறது. மையம் வந்தது. எல்லோரும் அவரை அட்மிரல் சார் என்று கூப்பிட்டார்கள். கடலில் கால் நனைத்ததில்லை என்பதை அவர் மறைத்ததே கிடையாது.

“உள்ள எறங்குனவனுக்கு அலைதாம்மா தெரியும்” என்பார். “மேலேருந்து பாக்கிறவனுக்குத்தான் போர் தெரியும்.”

காசிலிங்கத்துடையது நீலப் படை; எதிரியான சிவப்புப் படையை நடத்தியவன் மணிகண்டன். வானூர்க்காரன், இதே விளையாட்டில் காசிலிங்கத்தைத் தோற்கடித்ததால் வேலைக்கு எடுக்கப்பட்டவன். நடுவராக இருந்தவள் சங்கீதா. மூன்று தொகுதி விதிப்புத்தகம் அவள் மேஜையில் இருக்கும். பகடையை உருட்டும் உரிமையும் அவளுக்குத்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செல்வி மூழ்கிப்போனாள். சாய்ந்து கிடந்த ஒரு நாசகாரிக் கப்பலை நிமிர்த்தப் போய், பலகைக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள்.

“நடுக்கடல்ல நிக்கிறீங்க” என்றாள் சங்கீதா, புத்தகத்தைப் புரட்டியபடி. “கப்பல் இல்லாம கடல்ல நிக்கிறவங்க மூழ்கினதா அர்த்தம். ரெண்டு முறைக்கு நீங்க இல்ல.”

செல்வி சிரித்தாள். அங்கே வேறு யாரும் சிரிக்கவில்லை. சுவரோரம் ‘மூழ்கியோர்’ என்று எழுதிய பெஞ்சில் அவளை உட்காரவைத்தார்கள். மூழ்கினவர்களோடு பேசக்கூடாது, அவர்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது என்று விதி. டீ கொண்டுவந்தவன் அவளைத் தாண்டிப் போனான்.

முறை என்றால் ஒரு சுற்று. கடலில் ரெண்டு மணி நேரம் நடப்பது பலகையில் ஒரு முறை. முதலில் தேடல் கட்டம்: எதிரிக் கப்பல் எங்கே என்று விமானம் தேடும். கண்டால்தான் தாக்குதல் கட்டம். அதற்கு முன்னால் விமானங்களை மேல்தளத்துக்கு ஏற்றி ஆயுதம் மாட்டவேண்டும். கப்பலை அடிக்க டார்பிடோ, தரையை அடிக்க குண்டு. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்ட ரெண்டு முறை ஆகும். அந்த நேரத்தில் எதிரி வந்துவிட்டால், மேல்தளத்தில் நிற்கிற குண்டும் பெட்ரோலும் சேர்ந்து வெடித்து விமானந்தாங்கியே போய்விடும். காசிலிங்கத்தின் கெட்ட கனவு அது. இதையெல்லாம் விவாதித்து, குறிப்பெழுதி, டீ குடித்து முடிக்க ஒரு முறைக்கு அரை நாள் பிடித்தது. கடலில் ரெண்டு மணி நேரம் என்பது மையத்தில் அரை நாள் என்று செல்விக்குப் புரிந்தபோது, கவர்மென்ட் வேலை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கிடங்குக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் ஒரு மீட்புப் படகும் ஒரு பெரிய ட்ரோனும் இருந்தன. படகு நிஜப் படகு: ரெட்டை இஞ்சின், மூடிய கேபின், எந்த அலையிலும் போகும். முந்தின வருஷப் புயலில் ஆட்கள் போனதற்குப் பிறகு மீனவர்களுக்காக வந்தவை அவை. சும்மா ஊரார் கையில் கொடுத்தால் கண்டபடி ஓட்டுவார்கள், விஞ்ஞான முறையில் பயன்படுத்தவேண்டும் என்று எழுதிக் கேட்டு காசிலிங்கம் அவற்றை மையத்துக்கு வாங்கிவிட்டார். விஞ்ஞான முறை இதுதான்: பலகையில் ட்ரோனுக்கு ஒரு காய், படகுக்கு ஒரு காய். ட்ரோன்தான் நீலப் படையின் முதல் விமான அணி. காய் நகர்ந்தால்தான் நிஜம் நகரலாம். படகின் சாவியையே அதன் மரக்காயில் வளையம் போட்டு மாட்டியிருந்தார்கள். காயும் சாவியும் பிரியக்கூடாது.

வருடாந்திரப் போர் தொடங்கிய வாரத்தில் வங்கக் கடலில் நிஜமாகவே ஒரு காற்றழுத்தம் உருவானது. கடலுக்குப் போகாதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பே கிளம்பிப் போன படகுகளில் ஒன்று சிங்காரத்தினுடையது. அன்றைக்கு சிங்காரத்துக்குக் காய்ச்சல். அந்தோணிசாமியும், செல்வியின் தம்பி ஜான்சனும் மட்டும் போயிருந்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம், செல்வி ஒரு தாங்கிக்கு சல்யூட் வைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

“செல்வி, இஞ்சினுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. ஸ்டார்ட் ஆவல.” அந்தோணிசாமியின் குரலுக்குப் பின்னால் காற்று இரைந்தது.

“எங்கய்யா இருக்கிற?”

“கர தெரியல. காத்து வெளிய தள்ளிகினு போவுது. சிங்காரத்துக்குச் சொல்லு. சார்ஜி வேற இல்ல.”

“யோவ், இங்க எங்க ஆபீசுல ட்ரோன் கீதுய்யா. நான் சொல்லி அனுப்பறேன். வரும். நீ மேலயே பாத்துகினு இரு.”

“சரி” என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு நிம்மதி வந்தது அவளுக்கே கேட்டது. லைன் போய்விட்டது.

அவள் கழியைக் கீழே போட்டுவிட்டு காசிலிங்கத்தின் மேஜைக்கு ஓடினாள். புருஷனும் தம்பியும் கடலில் மாட்டிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை உண்மையான அனுதாபத்தோடு பார்த்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா நேரத்தைப் பாரு. முதல் அணி மேல்தளத்துல நிக்குது. டார்பிடோவைக் கழட்டி குண்டு மாட்டிக்கிட்டு இருக்கோம்.”

“சார், அது கொட்டாயில கீது சார். நான் காலையில கூட்டும்போதுகூடப் பார்த்தேன். அதுல கேமராதான் இருக்குது. குண்டு எதுவும் இல்ல.”

“அது உன் கண்ணுக்கு” என்றார் காசிலிங்கம். “ஒரு அணி ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்க முடியாது. மேல்தளத்துல இருக்கிறது கொட்டாயிலேருந்து எப்படிப் பறக்கும்? வரலாற்றுல எத்தனையோ தாங்கிகள் போனது எதனால? இந்த மாதிரி நேரத்துல அவசரப்பட்டதாலதான்.”

சங்கீதா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, “ரெண்டு முறைதான். நாளைக்கு மத்தியானம் தயாராயிடும்” என்றாள், ஆறுதலாக.

செல்வி வெளியே வந்து கடல் மீட்பு உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கடல் பகுதி மையத்தின் தேடல் எல்லைக்குள் வருகிறது, அவர்கள் முடியாது என்று எழுதிக்கொடுத்தால்தான் மற்றவர்கள் இறங்கலாம் என்றாள். செல்வி திரும்ப உள்ளே வந்து, முடியாது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். காசிலிங்கத்துக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது.

“முடியாதுன்னு எப்படிம்மா எழுதுறது? முடியுமே. நாளைக்கு மத்தியானம் முடியும்.”

சாயங்காலம் சிங்காரம் காய்ச்சலோடு எழுந்து ரெண்டு படகோடு போய்ப் பார்த்தான். கரையை விட்டு விலகியதுமே அலை அவர்களைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு படகில் விரிசல் விட்டது. திரும்பிவிட்டார்கள். மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே சிங்காரம் சொன்னான்: “நம்ம படகுங்க தாங்காது தங்கச்சி. அந்த ரெட்ட இஞ்சின் படகு இருந்தா போவலாம். கேளு. கால்ல உழுந்தாவது கேளு.”

வெள்ளிக்கிழமை அவள் காலில்தான் விழுந்தாள். காசிலிங்கம் பதறிப்போய்த் தூக்கிவிட்டார். மோசமான மனிதர் இல்லை அவர். மத்தியானம் குண்டு மாட்டி முடிந்ததும் அவரே மகிழ்ச்சியோடு அறிவித்தார்: “முதல் அணி தயார்!” எல்லோரும் கை தட்டினார்கள். செல்வியும் தட்டினாள்.

“இப்ப அனுப்பலாமா சார்?”

காசிலிங்கம் சங்கீதாவைப் பார்த்தார். சங்கீதா பக்கம் புரட்டினாள்.

“தேடப் போற விமானம் குண்டு சுமக்கக் கூடாது சார். தூரம் குறையும். குண்டைக் கழட்டணும்.”

“கழட்ட?”

“ரெண்டு முறை.”

செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அவர்கள் முகத்தில் கேலியே இல்லை.

“அப்ப படகையாவது குடுங்க சார். சிங்காரம் அண்ணன் ஓட்டுவாரு.”

“மீட்புப் படகு தாங்கிக்குக் காவலா நிக்குது” என்றார் காசிலிங்கம். “காவல் கப்பலை விலக்கிட்டா நாளைக்கு நீர்மூழ்கி வந்து தாங்கியை அடிச்சா, அதுல இருக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு நான் என்ன பதில் சொல்றது? அவங்களுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது, இல்லியா?”

தாங்கி அவர் காலடியில் நின்றது. தேக்கு மரத்தில், முழம் நீளம்.

அப்போதுதான் மணிகண்டனுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். “சார், அக்கா வீட்டுக்காரரோட படகு பலகையிலயே இல்ல. பலகையில இல்லாததை எப்படித் தேடுறது? மொதல்ல அதுக்கு ஒரு காய் வெப்போம்.”

இது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஃபைபர் படகுக்கு விதிப்புத்தகத்தில் வகை இல்லை. இருந்ததிலேயே சின்னது கண்ணிவாரிக் கப்பல். கடலுக்கடியில் எதிரி வைத்த கண்ணிவெடிகளை வாருவது. அந்தோணிசாமியின் படகு கண்ணிவாரி ஆனது. அதற்கு ஒரு விமான எதிர்ப்புப் பீரங்கியும் தரப்பட்டது. பீரங்கி ஒன்று போதுமா என்று காசிலிங்கம் செல்வியைக் கேட்டார். பிறகு அவரே ரெண்டு தரச் சொன்னார். மரக்காணத்துக்குத் தென்கிழக்கே ஒரு கட்டத்தில் காயை வைக்கும் வேலை செல்வியுடையது. கழியால் தள்ளி வைத்தாள். கழி வழுக்கிக் காய் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விட்டது. வைத்தது வைத்ததுதான் என்றாள் சங்கீதா.

தேடல் கட்டத்தில் நீலப் படைக்குத் தேட விமானம் இல்லை. சிவப்புப் படைக்கு இருந்தது. மணிகண்டன் தன் விமானத்தை அனுப்பினான். சங்கீதா பகடை உருட்டினாள்.

“கண்ணிவாரி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது.”

செல்விக்கு உயிர் வந்தது. “கண்டுபுடிச்சாச்சா? எங்க? எங்க இருக்காங்க?”

மணிகண்டன் தலையைக் குனிந்துகொண்டான். “எதிரி கண்டுபுடிச்சிருக்கான்க்கா. அப்படின்னா…”

“அப்படின்னா இன்னா?”

“தாக்குதல் கட்டம். பலகையில என் கண்ணுக்குத் தெரியிற ஒரே நீலக் கப்பல் இதுதான். தெரிஞ்சதை அடிக்காம விட்டா நான் வேணும்னே தோக்கிறேன்னு ஆயிடும். போன வருஷமே மெமோ வாங்கியிருக்கேன்க்கா.”

“டேய், அது உங்க மாமன்டா. அதுல எந்தம்பி இருக்கிறான்.”

“சிவப்புப் படையோட பேசக்கூடாது” என்றாள் சங்கீதா.

டார்பிடோ அணி கிளம்பியது. இரண்டு பீரங்கிகளுக்காக இரண்டு பகடை உருட்டப்பட்டது. ஒன்றில் எதிரி விமானம் ஒன்று விழுந்தது. காசிலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து, “சபாஷ் அந்தோணிசாமி!” என்றார். அடுத்த பகடையில் கண்ணிவாரியின் நடுவே டார்பிடோ பாய்ந்தது. அடுத்ததில் அது அனைவரோடும் மூழ்கியது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். விளக்குகளைக் குறைத்தார்கள். டீக்காரன் தட்டோடு வாசலிலேயே நின்றான். மௌன அஞ்சலி முடிந்ததும் காசிலிங்கம் செல்வியிடம் வந்து, அவள் கைகளைப் பற்றிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ரெண்டு பீரங்கியோட ஒரு விமானத்தை வீழ்த்தியிருக்காரும்மா. எந்தக் கண்ணிவாரியும் இதுவரைக்கும் செஞ்சதில்ல.”

“அவுரு சாவல சார்” என்றாள் செல்வி. “கடல்ல மேல பாத்துகினு இருக்காரு.”

“ஏத்துக்கிறது கஷ்டம்தான்” என்றார் அவர். “இனி தேடல் தேவையில்லன்னு எழுதிடுங்க” என்று சங்கீதாவிடம் மெதுவாகச் சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு செல்வி அழவில்லை. அதுவரை அழுதுகொண்டுதான் இருந்தாள். ராத்திரி முழுக்க அனுமந்தைக் கரையில் சிங்காரத்தின் வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, சனிக்கிழமை மையம் திறந்ததும் உள்ளே வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. நேரே பலகைக்குள் இறங்கி நடந்தாள். கட்டங்களை மிதித்துக்கொண்டு, ரெண்டு நாசகாரிகளை இடறித் தள்ளிவிட்டு, தாங்கியின் பக்கத்தில் நின்ற மீட்புப் படகின் காயைக் குனிந்து கையால் எடுத்தாள். சாவி வளையம் அதில் தொங்கியது.

“கடல்ல நடக்கிறீங்க!” என்று கத்தினாள் சங்கீதா. “நீங்க மூழ்கிட்டீங்க! மூழ்கினவங்க காயைத் தொடக்கூடாது!”

மணிகண்டன் அவளைத் தடுக்க ரெண்டு அடி வைத்தான். காசிலிங்கம் கையை நீட்டி அவனை நிறுத்தினார்.

“நில்லுப்பா. மூழ்கினவங்க நம்ம கண்ணுக்குத் தெரியக்கூடாது. இல்லாத ஆளை நீ எப்படித் தடுப்ப? விதியை நாமளே மீறக்கூடாது.”

அப்படியாக செல்வி யார் கண்ணுக்கும் தெரியாமல் வாசல் வழியாக வெளியே போனாள். கொட்டகையின் பின்பக்கம் சிங்காரமும் அனுமந்தை ஆட்கள் நாலு பேரும் பெட்ரோல் கேன்களோடு காத்திருந்தார்கள். படகின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைக் கிழித்தார்கள். செல்வி தந்த சாவியின் முதல் திருகலிலேயே இஞ்சின் பிடித்தது. அவளும் ஏறப் போனாள். சிங்காரம் அவளைக் கரையிலேயே நிறுத்திவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் படகு திரும்பியது. ஜான்சன் கேபினுக்குள் போர்வையில் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது. உயிர் இருந்தது. அந்தோணிசாமியைக் கீழே பலகைமேல் கிடத்தி, வலையால் மூடியிருந்தார்கள்.

ஜான்சனால் பேச முடிந்தது அடுத்த நாள்தான். படகுக்குள் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்துவிட்டது. கயிற்றால் அவனைப் படகோடு சேர்த்துக் கட்டியது மாமன். கயிறு ஒரு ஆளுக்குத்தான் போதுமானதாக இருந்தது.

“நேத்து காலையில வரைக்கும் பேசிகினுதான் இருந்தாருக்கா” என்றான் ஜான்சன். “கண்ண மூடாதடா, அக்கா சொல்லிட்டா, விமானம் வரும்னாரு. நான் கீழ பாத்தா திட்டுவாரு. மேலயே பாருடா, நம்மளத் தேடிகினு வருவான், நாம பாக்கலன்னா போயிடுவான்னாரு. சட்டையக் கழட்டி ஆட்டிகினே இருந்தாரு. அப்பால கை ஆடல. அசந்துட்டாருன்னு நெனச்சேன்.”

செல்வி வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் அந்தோணிசாமி இவ்வளவு நேரம் தாங்கியிருக்கமாட்டான் என்றார்கள் அக்கம்பக்கத்தில். அது அவளுக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு மையத்திலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். காசிலிங்கம் பெரிய மலர் வளையம் கொண்டுவந்தார். ஃபாதர் ஜெபம் முடித்ததும் நாலு வார்த்தை பேச அனுமதி கேட்டார்.

“அந்தோணிசாமி எங்கள் கணிப்பின்படி வெள்ளிக்கிழமையே மறைந்துவிட்டார். ஆனால் அவர் சனிக்கிழமை காலை வரை தாக்குப்பிடித்தார். மையத்தின் கணிப்பு முடிவைப் பொறுத்தவரை மிகச் சரி. நேரத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். அதை அடுத்த பதிப்பில் திருத்துவோம். கடினமான நேரத்தில் மையம் பதறவில்லை. உணர்ச்சிவசப்பட்டு மேல்தளத்தைத் திறந்து போடவில்லை. அதனால்தான் இன்று தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது: இந்தப் போரில் நாம் ஒரே ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை.”

கூட்டத்தில் பழக்கதோஷத்தில் யாரோ கை தட்டினார்கள். தனியாகக் கேட்டதால் உடனே நிறுத்திக்கொண்டார்கள். சிங்காரம் முன்னால் போகப் பார்த்தான். செல்வி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சவக்குழியில் மண் இன்னும் போட்டு முடியவில்லை.

அடுத்த வாரம் மையத்தில் விசாரணை. செல்வியைக் கூப்பிட்டிருந்தார்கள். மேலிடத்திலிருந்து சொத்துக்களைச் சரிபார்க்க ஆள் வரப்போகிறது. கொட்டகை காலியாய் இருந்தது. படகு அனுமந்தைக் கரையில் நின்றது. பலகையிலோ, அது நின்ற கட்டம் வெறுமையாய்க் கிடந்தது. காய் செல்வியின் வீட்டில்.

“படகை ஊர்க்காரங்க எடுத்துட்டுப் போனாங்கன்னு எழுதினா” என்றாள் சங்கீதா, “காய் நகராமலே சொத்து நகர்ந்துச்சுன்னு ஆகுது. முதல் தொகுதியே தப்புன்னு ஆயிடும் சார்.”

“முதல் தொகுதி தப்பாக முடியாது” என்றார் காசிலிங்கம்.

“ஜான்சன் வேற உயிரோட இருக்கான்” என்றான் மணிகண்டன். “கண்ணிவாரி அனைவரோடும் மூழ்கியது.”

ரொம்ப நேரம் யோசித்தார்கள். ஜான்சன் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை என்று முதலில் முடிவானது. அவன் எங்கிருந்தோ கரைக்கு வந்த நீச்சல்காரன். படகு விஷயத்தில் காசிலிங்கம் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “போர்ல காவல் கப்பல் போறது சகஜம்தானே” என்றார்.

வெறும் கட்டத்தின் மேல் தாக்குதல் அறிவிக்கப்பட்டது. சங்கீதா பகடை உருட்டினாள். படகு தப்பியது. மறுபடி உருட்டினாள். மறுபடியும் தப்பியது. தேர்ந்த படகு என்று மணிகண்டன் முணுமுணுத்தான். பிறகு அவள் பகடையை உருட்டாமல், விழவேண்டிய எண்ணைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். மீட்புப் படகு வீரப்போர் புரிந்து மூழ்கியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். மணிகண்டனுக்குக் கேடயம் தருவதாக முடிவானது.

“உன்மேல நடவடிக்கை எதுவும் இல்லம்மா” என்றார் காசிலிங்கம் செல்வியிடம், நிம்மதியோடு. “படகு போயிடுச்சு. நீயும் அதுக்கு முன்னாடியே மூழ்கினவ. மூழ்கினவங்களை விசாரிக்க விதியில எடமில்ல. வேலையும் குடுக்க முடியாது, அதுதான் வருத்தம்.”

“அப்ப அந்தப் படகு இல்லீங்களா சார்?”

“இல்ல.”

“கரையில நிக்குதே?”

“அங்க நிக்கிறது எதுவா இருந்தாலும்” என்றார் காசிலிங்கம், ஒவ்வொரு வார்த்தையாக, “எங்களோடது இல்ல. எங்களோடது மூழ்கிடுச்சு. யார் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும். புரியுதா?”

அவளுக்குப் புரிந்தது. அந்தக் கட்டடத்தில் வேலை செய்த நாட்களில் முதன்முறையாக ஒரு விதி அவளுக்கு நன்றாகப் புரிந்தது. அவள் சல்யூட் வைக்காமல் வெளியே வந்தாள்.

அனுமந்தைக் கரைக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மீட்புப் படகை மணலில் ஏற்றி, பக்கவாட்டில் இருந்த மையத்தின் பெயரை நாலு பேர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். சிங்காரம் கேட்டுவிட்டு, காறித் துப்பினான்.

“இனிமே நம்முதுதான்னு சொல்லு” என்றான். “பெயின்டர் வர்றான். அந்தோணி பேரையே எழுதிடலாம்னு சொல்றாங்க எல்லாரும். நீ இன்னா சொல்ற? பெரிய எழுத்துல, சிலுவ ஒண்ணு போட்டு. ஒரு பூசையும் வெச்சுடலாம்.”

மற்றவர்களும் சுரண்டுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். தெற்கே இன்னொரு மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காலையில் போன படகுகள் மூன்று இன்னும் திரும்பவில்லை.

செல்வி படகின்மேல் ஏறினாள். பின்பக்கம் போய் டேங்க்கின் மூடியைத் திறந்து, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தாள்.

“பேரெல்லாம் அப்பால எழுதிக்கலாம்ண்ணே” என்றாள். “இதுல ஒண்ணுமே இல்ல. மொதல்ல போயி பெட்ரோல் வாங்கியாங்க.”

சிங்காரம் பெயின்டருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரெண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடினான்.